மருந்து வைத்தது யார்?

“அம்மை, நம்ம கோழிக்கு யாரோ மருந்து வச்சிட்டாங்க.”

இருளப்பர் சொல்லிவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த புள்ளிக்கோழியைத் தரையில் இறக்கிவிட்டார். அது நடக்கவில்லை. இறக்கைகளைத் தொங்கப் போட்டு, கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடியது. சிவந்திருக்க வேண்டிய கொண்டை வெளுத்துப் போயிருந்தது.

உமையாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யாரு வச்சா?”

“பக்கத்துக் காட்டு மாரக்காள்தான். வேற யாரு?”

அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. இருளப்பருக்கு அறுபத்தொன்று. போலீஸ் ஸ்டேஷனில் முப்பத்து மூன்று வருஷம் ரைட்டராக இருந்து, எதிரே உட்கார்ந்தவன் எவன் சொன்னதையும் நம்பாமல் எழுதி எழுதி, ஓய்வு பெற்ற பிறகும் பெற்ற மகள் சொல்வதைக்கூட நம்ப முடியாமல் போய், மனசு அடங்க வழி கேட்டுக் கருமலை அடிவாரத்துக் குடிலுக்கு வந்தவர்.

வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மை மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

மலைமேல் இருக்கும் காளிக்குச் சனங்கள் நேர்ந்து கொண்டுவந்து, அறுக்க மனசு வராமல் குடிலில் விட்டுப் போன கோழிகள் அவை. மொத்தம் இருபத்து மூன்று.

“மாரக்காள்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

“போன மாசம் அவங்க குதிரைவாலிக் காட்டை நம்ம கோழிங்க கிளறிடுச்சு. வேலி ஓரமா நின்னு, ‘இதுங்க எல்லாம் செத்து ஒழிய’ன்னு கத்தினாங்க. பன்னண்டாம் தேதி. சாயந்தரம் நாலு மணி.”

“வேலிப்படல் ஏன் பூட்டியிருக்கு?”

“விசாரணை முடியற வரைக்கும் அவங்க உள்ள வர வேண்டாம்.”

“அவ குடிக்கத் தண்ணி எடுக்கறது நம்ம கிணத்துல.”

இருளப்பர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

“திறந்துட்டு வாங்க.”

திறந்துவிட்டு வந்தார். அதற்குள் மாரக்காள் வெறுங்குடத்தோடு தூரத்துக் கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அவள் வரவில்லை.

“பாத்தீங்களா அம்மை? திறந்து விட்டும் வரலை. குத்தமுள்ள நெஞ்சு.”

அம்மை கோழியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“நெஞ்சைத் தடவுங்க.”

தடவினார். சதையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனைபோலக் கையில் இடறியது.

“இப்படி இளைக்க எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு மாசம் ஆகும்.”

“விஷம் வச்சா எத்தனை நாள்ல சாகும்?”

இருளப்பர் கோழியை மறுபடி தடவிப் பார்த்தார்.

“தினமும் கொஞ்சம் கொஞ்சமா வச்சிருப்பாங்க.”

அம்மை எழுந்து போய்விட்டாள். போகும்போது, கோழியைத் தனியாகப் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொன்னாள்.

உட்கார்ந்திருந்தார். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் கோழி எச்சமிட்டது. குச்சியால் கிளறிப் பார்த்தார். தண்ணீராகப் போயிருந்த எச்சத்தில் வெள்ளை வெள்ளையாக இரண்டு மூன்று. சேமியாத் துண்டுபோல. ஒன்று நெளிந்தது.

அவர் அம்மையிடம் ஓடினார்.

“புழு!”

“ம்.”

“அவங்கதான் புழுவைத் தீனியில கலந்து போட்டிருக்கணும்.”

அம்மை முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“டவுனுக்குப் போய்க் கால்நடை டாக்டரைப் பாத்துட்டு வாங்க.”

போய் வந்தார். டாக்டர் ஒரு புட்டி கொடுத்திருந்தார். ராத்திரியே தண்ணீர்த் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். விடிந்ததும் மருந்து கலந்த தண்ணீரை எல்லாக் கோழிக்கும் வைக்க வேண்டும். குடிக்கத் தெம்பில்லாத கோழிக்கு மட்டும் அலகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கூட்டில் இருக்கும் பழைய உமியை வாரி எரித்துவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை மட்டும் இருளப்பர் அம்மையிடம் சொல்லவில்லை.

“எல்லாத்துக்கும் எதுக்கு அம்மை? சீக்கு ஒண்ணுக்குத்தான். இந்தச் சேவலைப் பாருங்க. என்ன மினுமினுப்பு. இதுக்கு ஒண்ணும் கிடையாது, நான் எழுதியே தர்றேன்.”

“சேவலுக்கும் வைங்க.”

வைத்தார்.

அடுத்த நாள் காலையில் கூட்டைக் கூட்டப் போனவர் விளக்குமாற்றோடு நின்றுவிட்டார். சேவல் அடைந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, எச்சத்தோடு, ஒரு பிடி நூலைச் சுருட்டிப் போட்டதுபோலப் புழு கிடந்தது. சேவல் அதைத் தாண்டி வெளியே போய் மார்பை நிமிர்த்திக் கூவியது.

அவர் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார். பிறகு அம்மையிடம் போனார்.

“டாக்டர் ஒண்ணு சொன்னாரு. நான் சொல்லாம விட்டுட்டேன்.”

“என்ன?”

“ஒரே எருக்குழியைக் கிளறுற கோழிங்க எல்லாத்துக்கும் ஒண்ணாக் கொடுக்கணுமாம். இல்லாட்டி திரும்பவும் வந்துடுமாம்.”

“நம்ம எருக்குழியில வேற யாரு கோழி கிளறுது?”

“மாரக்காள் கோழி.”

அம்மை மிச்ச மருந்துப் புட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மாரக்காள் வாசலில் உரலைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இருளப்பர் வேலிக்கு வெளியே நின்றார்.

“என்ன ரைட்டரய்யா?”

“கோழிக்குப் புழு மருந்து. உங்க கோழிக்கும் கொடுத்துட்டா நல்லது.”

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“எனக்கு நாலு கோழி செத்துப்போச்சு, இந்த ரெண்டு மாசத்துல.”

“அப்படியா? எனக்குத் தெரியாதே.”

“தெரியாதா? நீங்கதான் மருந்து வச்சீங்கன்னு நான் இருக்கேன்.”

“நானா!”

“நான் அன்னிக்கு ஏசினதை மனசுல வச்சுக்கிட்டு. இல்லேன்னா படலை எதுக்குப் பூட்டினீங்க? மடியில ஒண்ணும் இல்லாத மனுசன் எதுக்குப் பூட்டறான்?”

“செத்த கோழியை டாக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினியா? எந்தெந்தத் தேதியில செத்துது? பாத்த ஆளு யாரு?”

கேட்ட பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

“என் கோழி செத்ததுக்கு என்னையவே விசாரிக்கிறீங்களா?” என்றாள் மாரக்காள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருளப்பர் புட்டியோடு திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது.

“அம்மை, அந்தப் பொம்பளை என்னைச் சந்தேகப்படுது. நான் ஒரு பாவமும் செய்யலை. இதை நான் எப்படி நிரூபிக்கிறது?”

“உங்ககிட்ட யாராவது இப்படிக் கேட்டிருக்காங்களா?”

இருளப்பர் புட்டியைக் கீழே வைத்தார்.

“ஸ்டேஷன்ல தினமும் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் வெளியே போனார். அன்று பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் மாரக்காள் வாசலுக்குப் போனார். இந்த முறை நிற்கவில்லை. வேலிக்கு வெளியே, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புட்டியை முன்னால் வைத்தார்.

மாரக்காள் கதவைத் திறந்தாள். பார்த்தாள். மறுபடி சாத்தினாள். வெயில் ஏறிய பிறகு வெளியே வந்தாள்.

“இதை எங்க வாங்கினீங்க?”

“டவுன் கால்நடை ஆஸ்பத்திரியில.”

“டாக்டர் பேரு?”

சொன்னார்.

“மூடி ஏற்கெனவே திறந்திருக்கே?”

“எங்க கோழிக்குக் கொடுத்தோம்.”

“கொடுத்து?”

“புழு விழுந்துச்சு. எல்லாத்துக்கும்.”

“சீக்குக் கோழி?”

“நேத்து சாயந்தரம் ரெண்டு குருணை கொத்துச்சு. பிழைக்குமா தெரியலை.”

“முந்தாநாள் மத்தியானம் எருக்குழிகிட்டக் குச்சியை வச்சுக்கிட்டு என்ன பண்ணினீங்க?”

“எச்சத்தைக் கிளறிப் பாத்தேன்.”

“என் கோழி எச்சத்தையா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“உங்க கோழிக்கும் புழு இருக்கா, இல்லை எங்க கோழிக்கு மட்டும் நீங்க கலந்து போட்டீங்களான்னு பாக்க.”

மாரக்காள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவசரப்படவும் இல்லை. இன்னும் கேட்பாள் என்று காத்திருந்தார்.

அவள் வேலிப்படலைக் காலால் தள்ளித் திறந்தாள்.

“நீங்க கோழியைப் பிடிச்சுக்குங்க. மருந்தை நான் ஊத்துறேன்.”