ஏழு புள்ளி நாலு அஞ்சு

குமரிக் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்கே மீனவர் சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் பெல்சியா என்றொருத்தி வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் பழுது பார்த்துவந்தாள். வயது முப்பத்துமூன்று. ஞாயிறு பூசை முடிந்ததும் படகு டிரைவர்களுக்குப் பாயிண்ட், அதாவது கடலில் ஓர் இடத்தைக் காட்டும் நம்பர், வாசிக்கச் சொல்லிக்கொடுப்பாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை செய்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

புரட்டாசியில் ஒரு காலை, ததேயு தன் படகின் ஜிபிஎஸ்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்துநான்கு வயது. அதில் முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். பெல்சியா நாற்காலியைக் காட்டினாள். அவர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே பேசினார்.

"மிஷின் கெட்டுப்போச்சு டீச்சர். தப்பான இடத்துக்குக் கொண்டு போயிடுச்சு."

எந்த நாளைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பதினாறு நாளைக்கு முன்னால், அவருடைய தங்கை கணவன் அருளப்பனின் படகில் அடிப்பலகை பிளந்து தண்ணீர் ஏறியது. படகில் மூன்று பேர். அதில் ஒருவனான கிளமென்ஸ், தன் போனில் தெரிந்த பாயிண்டை வயர்லெஸ்ஸில் வாசித்தான். அந்தச் சுற்றுவட்டத்தில் இருந்தது ததேயுவின் படகு மட்டும். அவர் வலையை அறுத்துவிட்டு ஓடினார். போன இடத்தில் வெறும் தண்ணீர். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றித் தேடினார். மறுநாள் காலையில் வேறொரு படகு, தெற்கே வெகுதூரத்தில், டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்த இரண்டு பேரைத் தூக்கியது. அருளப்பன் அவர்களோடு இல்லை.

பெல்சியா மிஷினை பேட்டரியில் மாட்டினாள். சாட்டிலைட் கிடைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அதில் பதிந்து வைத்திருந்த பாயிண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் நின்றாள்.

"மிஷின் நல்லா இருக்கு அண்ணே."

"அப்போ கிளமென்ஸ்தான் தப்பா சொல்லியிருக்கணும். உசுருக்குப் பயந்து நிக்கிறவன். என்னத்தைப் பார்த்தானோ, என்னத்தை வாசிச்சானோ."

"அவன் என்ன சொன்னான்? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"ஏழு புள்ளி நாலு அஞ்சு."

"நீங்க என்ன போட்டீங்க?"

"ஏழு டிகிரி நாற்பத்தஞ்சு மினிட்."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

அவள் ஒரு சாக்பீஸை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணுதானே?"

"ஒரு டிகிரிக்கு எத்தனை மினிட்?"

"அறுபது. அது தெரியாமலா முப்பது வருஷம் ஓட்டுறேன்?"

"அரை டிகிரிக்கு?"

"முப்பது."

"அந்த அரை டிகிரியைப் போன் எப்படிக் காட்டும்? புள்ளி அஞ்சுன்னு காட்டும். உங்க மிஷின் அதையே முப்பது மினிட்னு காட்டும்."

ததேயு நடப்பதை நிறுத்தினார்.

"அப்போ புள்ளி நாலு அஞ்சு?"

"அறுபதால பெருக்குங்க."

அவள் கரும்பலகையைக் காட்டினாள். அவர் எழுதினார். இருபத்தேழு வந்தது. அதற்கு மேலே நாற்பத்தைந்தை எழுதினார். கழித்தார். பதினெட்டு.

ஒரு மினிட் தெற்கே போனால் ஒரு கடல் மைல். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கு மேற்குக்கு கிளமென்ஸ் சொன்ன நம்பரிலும் அதே தப்பு நடந்திருந்தது. அது நாலு மைல்தான். வடக்கு தெற்கில் பதினெட்டு. அருளப்பன் தண்ணீரில் கிடந்த இடத்துக்குப் பதினெட்டு மைல் வடக்கே அவர் நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறார்.

பலகையை உள்ளங்கையால் அழித்தார். மிஷினை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிக்குடுங்க. ஒண்ணு விடாம."

அவள் சொல்லிக்கொடுத்தாள். டிகிரி மட்டும் புள்ளியோடு வருவது ஒன்று. டிகிரியும் மினிட்டும், மினிட்டுக்குப் பிறகு புள்ளியும் வருவது ஒன்று. மினிட்டுக்குப் பிறகு செகண்டும் வருவது இன்னொன்று. இதை அதுவாக, அதை இதுவாக மாற்றினார். மற்றவர்கள் ஐந்து கணக்கு போடும் நேரத்தில் இருபது போட்டார். எந்த நம்பரைக் கொடுத்தாலும் சரியான விடை வந்தது. வந்ததும் முகம் இன்னும் இறுகியது. சாக்பீஸ் கையில் இருக்கும்போதும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஒருநாள் பாதிக் கணக்கில் திரும்பினார்.

"டீச்சர், நான் சரியாப் போட்டிருந்தா அவன் பிழைச்சிருப்பானா?"

அவள் பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?"

"காலையில பத்து."

"அப்போ நீங்க நின்ன இடத்திலேயிருந்து உண்மையான இடம் எவ்வளவு தூரம்?"

"இருபத்திமூணு மைல்."

"உங்க படகு வேகம்?"

"எட்டு நாட். மணிக்கு எட்டு மைல் ஓடும்."

"அருளப்பன் கேனை விட்டது எப்போன்னு கிளமென்ஸ் சொன்னான்?"

"நாலு மணிக்கு மேலன்னு சொன்னான்."

அவள் பலகையைப் பார்த்தாள்.

"இதை நீங்க சொல்லிடக் கூடாதா டீச்சர்? உங்க வாயால சொல்லிடுங்க."

"பெருக்கல்தான் நான் சொல்லிக்கொடுத்தது அண்ணே. கழித்தல் உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

ததேயு சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஒன்பது நாள் வரவில்லை. கடலுக்கும் போகவில்லை. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்களின் மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடக்கிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஆட்கள் பெல்சியாவிடம் வந்து சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். ஆள் அனுப்பவில்லை.

பத்தாம் நாள் சனிக்கிழமை. அவராகவே வந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி தினமும் சோறு குடுத்து விடுறா. பொழுது சாயுற வரைக்கும் என் புருஷனைத் தேடினியே அண்ணேன்னு கையைப் பிடிச்சுக்கிறா. ஊர்க்காரங்க கிளமென்ஸைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. நான் வாயைத் திறக்கலை."

"ம்."

"நான் என்ன செய்யட்டும்?"

பெல்சியா ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வகுப்பு. புதுசா பதினாலு டிரைவர் வர்றாங்க. எப்பவும் வாய்க்கு வந்த ஏதாவது ஒரு நம்பரைத்தான் எழுதிப் போடுவேன். ரெண்டே நாள்ல மறந்துடுவாங்க."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"மறக்காத நம்பர் ஏதாவது இருந்தா சொல்லுங்க அண்ணே."

அவர் துடைத்த பலகையைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரும் வந்தார்கள். பதினைந்தாவதாகக் கிளமென்ஸ் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் டிரைவர் இல்லை. உயிரோடு திரும்பிய நாளிலிருந்து யாரிடமும் அதிகம் பேசாதவன். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

பெல்சியா தொடங்குவதற்குள் ததேயு உள்ளே வந்தார். நேராகப் பலகைக்குப் போனார். 7.45 என்று பெரிதாக எழுதினார்.

"இது எனக்கு வயர்லெஸ்ல வந்த பாயிண்ட். என் மச்சான் படகு முங்கினப்போ வந்தது. நான் இதை மிஷின்ல இப்படிப் போட்டேன்."

பக்கத்தில் ஏழு டிகிரி நாற்பத்தைந்து மினிட் என்று எழுதினார்.

"போட்டிருக்க வேண்டியது இது."

இருபத்தேழை எழுதினார்.

"பத்து மணிக்குக் கூப்பிட்டாங்க. நான் ஒரு மணிக்கு அங்கே போயிருப்பேன். அவன் நாலு மணி வரைக்கும் மிதந்திருக்கான். மிஷின் மேல தப்பு இல்லை. நீரோட்டத்து மேலயும் தப்பு இல்லை."

 முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து கிளமென்ஸ் கேட்டான்.

"அண்ணே, அந்த நம்பர்... நான் அப்படித்தான் சொன்னேனா?"

"அப்படித்தான் சொன்ன."

"ஏழு புள்ளி நாலு அஞ்சுன்னா?"

"ஆமாம்டா."

"அப்போ நான் சரியாத்தான் சொன்னேனா?"

"நீ சரியாத்தான் சொன்ன."

"போன் தண்ணியோட போயிடுச்சு. எதை வெச்சுப் பார்க்கிறது? நாலையும் அஞ்சையும் மாத்திச் சொல்லிட்டேன்னு... தினமும் வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருநாள் நாலு அஞ்சுன்னு வருது, ஒருநாள் அஞ்சு நாலுன்னு வருது."

மேலே பேச முடியாமல் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. யாருக்கும் பக்கத்தில் போகத் தோன்றவில்லை. ததேயுதான் போனார். அவன் தோளைத் தொட்டார். கிளமென்ஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அவர் நகராமல் அங்கேயே நின்றார்.

அன்று மத்தியானம் டிரைவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஆறு பேருக்குத் தங்கள் மிஷின் எந்த முறையில் காட்டுகிறது என்றே தெரியவில்லை. பெல்சியா பொழுது சாயும்வரை காட்டிக்கொடுத்தாள்.

வியாழக்கிழமை ததேயு மறுபடி வந்தார்.

"வகுப்பு முடிஞ்சதும் நேரா தங்கச்சிகிட்டத்தான் போனேன் டீச்சர். முழுசாச் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசலை. சொல்லி முடிச்சதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டா."

"மறுநாள்?"

"போனேன். திறக்கலை. செவ்வாய்க்கிழமையும் போனேன். நேத்தும் போனேன். உள்ளே பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது. வாசல்ல நின்னு கூப்பிட்டேன். சத்தம் நின்னுச்சு. அவ வரலை. இன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான்."

மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார்.

"இப்படி எத்தனை நாளைக்கு டீச்சர்? இதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா? இருந்தா சொல்லுங்க, போட்டுப் பார்த்துடுறேன்."

பெல்சியா கையிலிருந்த சிறு திருகாணியை மூடியில் வைத்தாள்.

"தங்கச்சி வீடு எங்கேன்னு தெரியுமில்ல?"

"என்ன கேள்வி இது? எங்க தெருதானே. நாலு வீடு தள்ளி."

"அப்போ நாளைக்கும் போங்க."