இல்லாத சிரை

அனாட்டமி பேராசிரியர் அரங்கநாயகம் கத்தியை எடுத்தால் எலும்பே ஒதுங்கி வழிவிடும். சொன்னது அவரேதான்.

நேற்று வகுப்பில் ஒரு சடலத்தின் கணையத்தைப் புரட்டிக் காட்டினார். கணையத்திலும் முன்சிறுகுடலிலும் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு பித்தக்குழாய்க்குப் பின்னால் ஏறும் நூல்போன்ற சிரை ஒன்று உண்டு. அதை அவர் கத்தியே அறுத்துவிட்டது. "இந்த உடம்புக்கு அது பிறவியிலேயே இல்லை" என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வாய்மொழித் தேர்வு. அதே சடலம். வெளியூர்த் தேர்வாளர் அம்மா பக்கத்தில் நின்றதும் மிடுக்கில் பேராசிரியருக்கு நேற்றைய சங்கதி மறந்துபோயிற்று.

"இசக்கிப்பிரியா, அந்தச் சிரையைக் காட்டு. இல்லாட்டி பெயில்!"

"இதுக்குப் பிறவியிலேயே இல்ல சார்."

"அது இல்லாத உடம்பை நான் பார்த்ததே கிடையாது! யாரோ அறுத்திருக்காங்க. அறுத்தது யாரா இருந்தாலும் பெயில்தான்!"

"சரிங்க சார். அறுத்தவங்க பேரை மேடம்கிட்ட சொல்லட்டுமா?"

பேராசிரியருக்கு நேற்று நடந்தது ஞாபகம் வந்தது. அவசரமாகக் குனிந்து பார்த்தார்.

"அட, பிறவியிலேயே இல்லைதான்மா. நீ பாஸ், போ!"

தேர்வாளர் அம்மா இடுக்கியால் அறுந்த நுனியைத் தூக்கிப் பிடித்தார்.

"பிறக்காத சிரைக்கு வால் மட்டும் எப்படி சார் முளைச்சுது?"