மண்டித் தராசுல ஏறுன கபடிக்காரி

வயிறு சரியில்லன்னு சோத்தத் தள்ளி வச்சிட்டு வந்து படுத்துட்டா எப்படி, தர்ஷிகா? சரி, சித்தி கதை சொல்லுதேன். ‘ம்’ கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு அரிசி மண்டி. அங்க மூட்டை நிறுக்கிற தராசு ஒண்ணு கெடந்துது. அதே ஊர்ல பேச்சிக்கனின்னு ஒரு கபடிக்காரி. பாடிக்கிட்டுப் போனா சிரிச்சுக்கிட்டே நாலு பேரத் தொட்டுட்டு வந்துருவா. ம் கொட்டு.

“ம்.”

அப்போ மாவட்டப் போட்டி வந்துது. நாப்பத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா ஆட விடமாட்டாங்க. இவ ஓடிப் போயி மண்டித் தராசுல ஏறுனா. நாப்பத்தேழு! ஆத்தாடின்னு நெஞ்சுல கைய வச்சுட்டா. இன்னும் மூணே நாளு.

மொத நாளு சோத்த நிறுத்துனா. ரெண்டாம் நாளு கொளுத்துற வெயில்ல ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு திடுதிடுன்னு மைதானத்தச் சுத்துனா. மூணாம் நாளு, எனக்குச் சொல்லவே பதறுது, தண்ணியும் குடிக்கல. புளியங்காயக் கடிச்சுக் கடிச்சு எச்சியத் துப்புனா, தூ தூன்னு. அதுலயும் எடை குறையுமாம்! யாருகிட்டயும் மூச்சு விடல. மூஞ்சில சிரிப்பே இல்ல. கேக்குதியா?

“ம்...”

அப்புறம் போட்டி அன்னைக்கு நடுவர் எடை பார்த்தாரு. “நாப்பத்தி மூணு.”

“காலைல மண்டித் தராசு நாப்பத்தஞ்சு காட்டுச்சே சார்?”

“இது முத்திரை குத்துன மெஷினும்மா.”

மண்டித் தராசு ரெண்டு கிலோ கூடக் காட்டியிருக்கு! அவன் அரிசி விக்கிறவன், கூடத்தான் காட்டுவான். மொதல்லயே இவ சரியாத்தான் இருந்துருக்கா, பாவிப்புள்ள!

அப்போ ஆட்டம் தொடங்குது. பாடப் போனா. கபடி கபடி கபடி... டப்பு டப்புன்னு ரெண்டு பேரத் தொட்டுட்டா! திரும்பி ஓடி வாரா. கபடி... கப... க... தம் அறுந்து போச்சு. தொபுக்கடீர்! நடுக்கோட்டுக்கு ஒரு சாண்தான் இருக்கு. பிடிக்க வந்த எதிர் டீம் பிள்ளைகளே அலறிப் போயி தூக்கிட்டு ஓடுச்சுங்க. கண்ணு முழிச்சா, கையில குளுக்கோஸ் ஏறுது. ஆசையா காத்திருந்த போட்டி முடிஞ்சே போச்சு.

ஏட்டி, ‘ம்’மக் காணோம்? தூங்கிட்டியா?

“சித்தி... அது நம்ம முக்கு மண்டியா?”

ஆமா. எதுக்கு எந்திரிச்சு உக்காந்துட்ட?

“நானும் அதுலதான் ஏறிப் பார்த்தேன். ரெண்டு கிலோ கூட இருந்துது. நாளைக்கு கபடி மேட்ச்சுல்லா... அதான்...”

அட பாவி மகளே! இதுதான் ஒன் வயித்து வலியா! அந்தத் தராச அவன் இன்னுமா மாத்தல? தண்ணியாவது குடிச்சியாட்டி?

“ம்ஹூம்.”

எந்திரி, எந்திரி! எடை நெசமாவே கூடுனாலும் கூடிட்டுப் போவுது, பெரிய பிள்ளைகளோட சேர்ந்து சிரிச்சுக்கிட்டு ஆடு. இந்தா, மொதல்ல தண்ணியக் குடி. கதை முடிஞ்சுது, தோசை ஊத்துதேன். தின்னுட்டுத் தூங்கு.