பாதிகளுக்கு நடுவே

எருசலேம் எரிந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சிறைபிடித்துக் கொண்டுபோன யூதர்களைப் பாபிலோனில் ஒரு கால்வாய்க் கரையில் குடியமர்த்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எல்யாசீப். வயது நாற்பத்தொன்பது. அவனுக்கு முதல் பிள்ளை பிறந்து அன்று எட்டாம் நாள்.

நுனித்தோலை நீக்கும் சடங்கான விருத்தசேதனம் செய்யவேண்டிய நாள். சூரியன் இறங்குவதற்குள் செய்யாவிட்டால் பிள்ளை, மூதாதை ஆபிரகாமோடு கர்த்தர் செய்த உடன்படிக்கைக்கு வெளியே.

கத்தியோடு மத்தனியா வந்தார். எல்யாசீபுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவர். சீடனைவிட ஆறு வயது இளையவர். அதனால் மரியாதை ஒன்றும் குறையவில்லை. குருவிடம் குறைவு பொறுமைதான்.

எல்யாசீப் வாசலை மறித்து நின்றான்.

"வேண்டாம் போதகரே. கத்தியை எடுத்துக்கிட்டுப் போங்க."

"பிள்ளைக்குக் காய்ச்சலா?"

"இல்லை. நல்லாத்தான் இருக்கான்."

"உமக்கு?"

உள்ளேயிருந்து அவன் மனைவி தீர்சாவின் குரல் வந்தது. "அவருக்குத்தான். மூணு நாளா இப்படித்தான்."

மத்தனியா வாசற்கல்லில் உட்கார்ந்தார். "சொல்லும். சூரியன் நமக்காக நிற்காது."

"உடன்படிக்கையை நாம முறிச்சோம். கண்ட விக்கிரகத்தையும் கும்பிட்டோம். ஆலயம் எரிஞ்சுது. இங்கே அந்நியனுக்குக் கால்வாய் வெட்டுறோம். செத்துப்போன உடன்படிக்கைக்கு என் பிள்ளை உடம்பில் எதுக்கு அடையாளம்?"

"முறிச்சா செத்துப்போகும்னு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? எனக்கும் மல்கியாவுக்கும் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே."

தெரியும். ஊருக்கே தெரியும். மல்கியா பக்கத்துத் தோட்டக்காரன். வாய்க்கால் தண்ணீர் ஒரு நாள் அவனுக்கு, மறுநாள் எல்யாசீபுக்கு என்று பேச்சு. தங்கள் முறைப்படியே உடன்படிக்கை செய்தார்கள். ஒரு வெள்ளாட்டை இரண்டாகப் பிளந்தார்கள். பாதிகளை எதிரெதிரே வைத்தார்கள். நடுவே இருவரும் நடந்தார்கள். வாக்கு மீறுகிறவன் இந்த ஆடு மாதிரி ஆகட்டும் என்று அர்த்தம். இரண்டாம் மாதமே மல்கியா தன் முறை இல்லாத நாளில் மடையைத் திறந்துகொண்டான்.

"அவன் மீறினான். நானும் அவன் பக்கத்து மடையை அடைச்சேன். ஒருத்தரும் என்னைக் குறை சொல்லலை. நீங்களும் சொல்லலை."

"சொல்லலை. ரெண்டு பேரும் நடந்தீங்க. ஒருத்தன் மீறினா மத்தவன் கட்டு அவிழ்ந்தது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இரும். ஆட்டைப் பிளந்த அன்னிக்கு நீர் தூங்கிப்போயிருந்தா?"

"பிளந்துபோட்ட ஆட்டுப் பக்கத்தில் எவன் தூங்குவான்? ஈ தூக்கிக்கிட்டுப் போயிடும்."

"தூங்கிட்டீர்னு வையும். மல்கியா மட்டும் நடந்தான்."

எல்யாசீப் தாடியைச் சொறிந்தான். "அப்போ மாட்டிக்கிட்டது அவன். நான் என்ன செஞ்சாலும் அவன் தண்ணி விட்டே ஆகணும்."

"நீர் மடையையே உடைச்சாலும்?"

"உடைச்சாலும்தான். என்னைத் திட்டலாம். ரெண்டு அடி போடலாம். தண்ணியை நிறுத்த முடியாது. நடந்தது அவன் கால்தானே. ஆனா மல்கியா அவ்வளவு பைத்தியக்காரன் இல்லை."

"இல்லை," என்றார் மத்தனியா. "சரி, ஆபிரகாம்கிட்ட வாரும். உன் சந்ததிக்கு இந்த தேசத்தைத் தருவேன்னு கர்த்தர் உடன்படிக்கை செய்தாரே. அன்னிக்கு என்ன நடந்தது? போன வருஷம் ஒரு மாசம் முழுக்க மனப்பாடம் பண்ணினீர்."

"ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா. மூணையும் ஆபிரகாம் பிளந்து எதிரெதிரே வச்சார். கழுகு இறங்குச்சு. துரத்தினார். பொழுது சாயறப்போ..."

நிறுத்தினான்.

"மேலே."

"அவருக்கு அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வந்துடுச்சு."

"நடுவே போனது?"

"நெருப்பு. புகையோட."

"யார் அது?"

"கர்த்தர்."

"ஆபிரகாம் எப்போ நடந்தார்?"

எல்யாசீப் வாசலை விட்டு விலகி நின்றான்.

தீர்சா வெளியே வந்தாள். "வெயில் சுவரை விட்டு இறங்கிடுச்சு. ரெண்டு பேரும் பேசியே எட்டாம் நாளைத் தீர்த்துடுவீங்க போல." பிள்ளையைக் கணவன் கையில் வைத்தாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் காய்ந்திருந்தது. எல்யாசீப் அதன் முகத்தையே பார்த்தான்.

"என்ன ஏதுன்னே தெரியாம தூங்குறானே போதகரே. இவன் ஒரு வாக்கும் கொடுக்கலை. நாளைக்கு நம்ம மாதிரிதான் இவனும் மீறுவான்."

மத்தனியா கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஆபிரகாமும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தார். துணியை விலக்கும்."