தையல் மெஷின் இருந்த இடம்

ஆண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம், வைத்தியலிங்கம் வெண்ணாற்றங்கரையில் இருந்த வடிவாம்பாள் அம்மையாரின் குடிலுக்குப் போவார். மனத்தில் ஒரு கேள்வியோடு போவார்; அதைக் கேட்காமலே திரும்பி வருவார்.

அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். அஞ்சலகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் குடில் அமைத்தவர். வைத்தியலிங்கத்தை அண்ணன் என்றுதான் அழைப்பார். ஆனாலும் குரு அவர், சீடர் இவர். அதில் இருவருக்கும் ஐயமில்லை.

இந்த முறை கேள்வியை அடக்கி வைக்க இயலவில்லை. கத்தாரில் அவர் வேலை பார்க்கும் நிறுவனம் கொடுத்த ஒப்பந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தது. மேலும் இரண்டு ஆண்டுகள் இருப்பாரா, மாட்டாரா என்பதை விடுப்பின் பதினைந்தாம் நாளுக்குள் சொல்லியாக வேண்டும். அன்று மூன்றாம் நாள்.

குறை சொல்லத் தொடங்கியவர் இரு கரைக்கும் குறை வைக்காமல் சொன்னார். அங்கே ஓர் அறையில் ஆறு பேர். குளியலறைக்கு முறை வைத்து நிற்க வேண்டும். அடுக்குக் கட்டிலோ அவர் உயரத்துக்கு ஒரு முழம் குறைவு. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனால், இந்தச் சன்னல் இல்லை, அந்தச் சன்னல் என்று அரைநாள் அலைச்சல். மேற்பார்வையாளனுக்கு முழுப் பெயர் வாயில் நுழைவதில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக அவர் வெறும் 'லிங்கம்'. வீட்டுக்குப் பேசலாம் என்றால் தொலைபேசியில் கடகடவென்று ஒரே இரைச்சல்.

இங்கே வந்தாலோ, ரேஷன் அட்டையில் பெயரை நீக்கிவிட்டிருந்தார்கள். எந்தச் சுவிட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்பது தெரியவில்லை. துவட்டிக்கொள்ளத் தந்த துண்டில் பாச்சை உருண்டை மணத்தது. அவர் வரும்போது மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கும் துண்டு அது.

"ஊருக்கே வந்துடவா, இல்ல கையெழுத்துப் போட்டுடவா? நீங்க சொல்லுங்கம்மா."

அம்மையார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"திரும்பிப் போற டிக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"அதை இங்க வச்சிட்டுப் போங்க. பத்து நாளைக்கு யார் கேட்டாலும் தேதி சொல்லாதீங்க. எப்பப் பயணம்னு உங்களைக் கேக்காத ஆளு இருந்தா, பேரு எழுதிட்டு வாங்க."

வைத்தியலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தாள் போதுமா என்று கேட்டார். அம்மையார் நேற்றைய நாட்காட்டித் தாளைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை அவரிடம் கொடுத்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டே. எப்போது வந்தீர்கள் என்பது ஒன்று. எப்போது பயணம் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை வருமுன்பே இரண்டாவது வந்து நிற்கும். இத்தனை ஆண்டுகளாக இரண்டுக்கும் பதில் சொல்லிப் பழகியவர், இப்போதுதான் அவற்றைக் காது கொடுத்துக் கேட்டார்.

தேநீர்க் கடைக்காரர் கேட்டார். முடி திருத்துபவர் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார். கோயில் குருக்கள் திருநீற்றோடு சேர்த்துக் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். மனைவியின் தம்பி ராசகோபால் மட்டும் அவ்வளவில் விடவில்லை.

"என்னத்தான், தேதிய அமுக்குறீங்க. சீட்டைக் கிழிச்சு அனுப்பிட்டானுவளா?"

வைத்தியலிங்கம் சிரித்து மழுப்பினார். மழுப்பியதே தவறாகப் போயிற்று. மாலைக்குள் அவருக்கு வேலை போய்விட்டதாகத் தெரு முழுவதும் உறுதியாகிவிட்டது. மறுநாள் இருவர் துக்கம் விசாரிப்பவர்களைப் போல வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

தாள் வெறுமையாகவே இருந்தது. மனைவி கமலவேணியின் பெயரை முதலில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தவர், பத்து நாளும் முடியட்டும் என்று வைத்துவிட்டார். விடுப்பின் எட்டாம் நாள் கமலவேணியும் கேட்டுவிட்டார். கொண்டுபோவதற்குப் பருப்புப் பொடி வறுக்க வேண்டும். ஊறுகாய்க்கு மாங்காய் சொல்ல வேண்டும். தேதி தெரிந்தால்தானே ஆகும் என்றார்.

"போகலேன்னா?" என்றார் வைத்தியலிங்கம்.

"நெசமாவா?"

மனைவியின் முகத்தில் மகிழ்ச்சி வந்ததை அவர் கண்டார். அது பாதியில் நின்றதையும் கண்டார்.

"அப்போ மெஷினை எங்க வைக்கிறது?"

அந்த வீட்டில் இருந்தது ஒரே உள்ளறை. ஆண்டில் பதினொரு மாதம் அதன் சன்னலோரத்தில் கமலவேணியின் தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும் இருக்கும். தெருப் பெண்களின் ரவிக்கைகளும் பள்ளிச் சீருடைகளும் அங்கேதான் உருவாகும். வைத்தியலிங்கம் வரும் மாதம் மட்டும் இரண்டும் நடைக்குப் போய்விடும். மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்திவிடுவார்கள். கொட்டகையிலிருந்து இரும்புக் கட்டில் உள்ளே வரும். அந்த மாதம் தையல் இல்லை என்பது தெருவுக்குத் தெரியும். அவசரக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

கமலவேணி குத்தலாகக் கேட்கவில்லை. விடை வேண்டித்தான் கேட்டார்.

பத்து நாளும் கழிந்தபோது ஒரே ஒருத்தி மிஞ்சியிருந்தாள், மகள் எழிலரசி. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவள், அப்பா வந்திருக்கிறார் என்று ஊருக்கு வந்திருந்தாள். அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தூங்கினீர்களா என்று கேட்டாள். பயணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

வைத்தியலிங்கம் மகளின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதி முடித்தபோதே முடிவும் ஆகிவிட்டது. கையெழுத்துப் போடப் போவதில்லை. ஒரு பெயர் போதும்.

குடிலுக்கு அவரை அழைத்துவந்ததும் எழிலரசிதான். அம்மையார் தாளைப் பார்த்தார். வாசலில் வண்டியருகே நின்றவளை உள்ளே அழைத்தார்.

"அப்பா எப்பப் போறாங்கன்னு நீ கேக்கவே இல்லையாமே, ஏம்மா?"

எழிலரசிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? எப்பவும் முப்பதாம் நாள்தானே போவாங்க. மறுநாள் நான் விடுதிக்குப் போக பஸ்ஸுக்குக்கூடப் பதிவு பண்ணிட்டேனே."

வைத்தியலிங்கம் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். மகள் வாசலுக்குப் போகும்வரை தலை நிமிரவில்லை.

"எனக்குன்னு இடம் எங்கம்மா இருக்கு?"

"மெஷின் இப்ப எங்க இருக்கு?"

"நடையில."

"அதைப் பழைய இடத்துல தூக்கி வைங்க. மேசையையும் வைங்க. மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு நாளைக்கு வாங்க."

வீட்டில் கமலவேணி காரணம் கேட்கவில்லை. ஒரு பக்கம் பிடித்தார். கட்டில் கொட்டகைக்குப் போயிற்று. மெஷினைச் சன்னலோரம் இறக்கியபோது, அதன் நான்கு கால்களும் சிமெண்டுத் தரையில் தேய்ந்திருந்த நான்கு குழிகளில் தாமாகவே போய் உட்கார்ந்தன. கட்டில் கிடந்த இடத்தை வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார். அங்கே தடம் ஏதும் இல்லை.

கமலவேணி பாதியில் நின்றிருந்த ஒரு ரவிக்கையை எடுத்து உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினார். கடகடவென்று சத்தம் எழுந்தது. வைத்தியலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். எத்தனையோ ஆண்டுகளாகத் தொலைபேசியில் மனைவியின் குரலுக்குப் பின்னால் கேட்ட இரைச்சல் அது. இணைப்புக் கோளாறு என்று அதை அவர் எத்தனை முறை திட்டியிருக்கிறார்!

அன்று அவர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்துப் பார்த்தார்.

பதினான்காம் நாள் காலையில் அம்மையார் கேட்டார்.

"எவ்வளவு இருக்கு?"

"சுவரோரமா ஒரு பாய் விரிக்கலாம்."

"உங்க உயரத்துக்குப் போதுமா?"

"போதாது. மேசைக்கால் இடிக்குது. நீட்டிப் படுக்க முடியாதும்மா."

அம்மையார் டிக்கெட்டை எடுத்து வந்து அவர்முன் வைத்தார். சட்டைப் பையில் இருக்கும் ஒப்பந்தத் தாளையும் அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தியலிங்கம் வைத்தார். அது வியர்வையில் ஓரம் நைந்திருந்தது.

"நாளைக்குப் பதில் சொல்லணும்மா."

"அங்க அந்தக் கட்டில்ல எப்படிப் படுத்தீங்க, இருபத்து மூணு வருஷமா?"

வாசலில் எழிலரசி ஸ்கூட்டரை நிழலுக்கு நகர்த்தும் ஓசை கேட்டது.

"காலை மடக்கித்தான்."

அம்மையார் முறத்தை மடியில் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு எடத்துலயும் மடக்கித்தான் படுக்கணும், அண்ணே. எந்த எடத்துக்காக மடக்கணும்னா என்னைக் கேக்குறீங்க?"

வைத்தியலிங்கம் எழுந்து, கும்பிட்டு, வெளியே போனார். டிக்கெட்டும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத் தாளும் வைத்த இடத்திலேயே கிடந்தன.