தலைவர் கேட்ட சவுக்காரம்

சிறுத்தையைப் பாறைமேல் நின்றே விரட்டியதாக ஜமீனில் மார்தட்டிய காவல் தலைவர் கச்சிராயருக்கு மறுநாள் தாங்க முடியாத அரிப்பு.

"துணி வெளுக்கும் மாடத்திதான் என் உடுப்பில் அரிப்பெடுக்க வைக்கும் பூனைக்காலித் தூளைத் தூவியிருக்கிறாள். ஊரைவிட்டுத் துரத்துங்கள்!" என்று ஜமீன்தாரிடம் குதித்தார்.

ஜமீன்தாரும் அவளை வரவழைத்துச் சந்தேகமாகப் பார்த்தார்.

மாடத்தி தடிப்புகளைக் கவனித்தாள். கணுக்காலும் கச்சை இறுக்கிய இடுப்பும்தான் சிவந்திருந்தன.

"சாமி, தூளென்றால் உடம்பெல்லாம் சாணம் பூசி மூன்று நாள் வெயிலில் உட்காரணும். புதருக்குள் படுத்துப் புல்லுண்ணி கடித்திருந்தால், சவுக்காரம் போட்டுக் கழுவிக் குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் போதும். எதைச் செய்யட்டும்?"

கச்சிராயர் சொறிந்துகொண்டே யோசித்தார். அரிப்பு பொறுக்கவில்லை.

"சவுக்காரத்தையே கொண்டு வா!"

ஜமீன்தார் மெதுவாகக் கேட்டார்: "பாறைமேல் ஏதய்யா புதர்?"