புறாவின் மூடிய வாய்

அந்தக் காலத்தில் புறாவுக்கு வாய் மூடாது. மனிதரோடு மனிதராகப் பேசும். கடலோரத் தர்காவின் மினாராவில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுக்கும். யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்படி ஒரு காலம். இப்போது நினைத்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

தர்காவில் சிக்கந்தர் பாவா என்று ஒரு பக்கீர் இருந்தார். உதடு அசையாமல் மனதுக்குள்ளேயே இறைவன் பெயரைத் திக்ரு ஓதுகிறவர். வீடு வீடாகப் போய் வாங்கிய அரிசியில் பாதியை, ஊர் அசந்து கிடக்கும் மதியத்தில், படகுத் தச்சர் உதுமான் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார். உதுமானுக்குக் கை முறிந்து வேலை இல்லை. ஆனால் ரோஷக்காரர். யாரிடமும் கேட்க மாட்டார்.

புறா பார்த்துவிட்டது.

"பார்த்ததை உனக்குள்ளேயே வச்சுக்க" என்றார் பாவா.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. மீன் வியாபாரி ஒருவர் பாவாவைப் பார்த்து, "உட்கார்ந்தே தின்னுறதுக்கு ஒரு ஆளு!" என்று சிரித்தார். புறாவுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ்! உதுமான் வீட்டு அடுப்பு எரியுறதே இவராலதான்!"

எல்லோரும் பாவாவின் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். கூட்டத்தில் நின்ற உதுமான் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே உதுமான் மீதி அரிசியைத் தர்கா வாசலில் வைத்துவிட்டு, மனைவியையும் மகள் ஹபீபாவையும் கூட்டிக்கொண்டு கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே ஓலைக் குடிசை. அடுப்பு எரியவில்லை.

"எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்துட்டே" என்றார் பாவா மறுநாள் புறாவிடம். "அந்தப் புள்ளைக்குப் பசிக்குது."

"போய் மன்னிப்புக் கேட்கட்டுமா பாவா?"

"இன்னும் பேசணுமா?"

புறாவுக்கு அழுகை வந்தது. தர்கா முற்றத்தில் பறவைகளுக்கு இறைத்திருந்த அரிசியைத் தொண்டைப்பை முட்ட எடுத்துக்கொண்டது. விழுங்கவில்லை. வாயைத் திறந்தால் கொட்டிவிடும் என்று இறுக மூடிக்கொண்டு பறந்து, குடிசை முற்றத்தில் கக்கியது. மறுபடி போனது, வந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு வேளைக் கஞ்சிக்குச் சேர்ந்துவிட்டது.

ஹபீபா ஓடிவந்தாள். "வாப்பா, அரிசி! ஏய் புறா, யாரு கொடுத்து விட்டா?"

உதுமானும் வெளியே வந்து நின்றார். யார் பெயராவது வந்தால் அத்தனையையும் கடலில் கொட்டிவிடுவார், முகத்திலேயே தெரிந்தது. 'நான்தான்' என்ற சொல் புறாவின் தொண்டை வரை ஏறிவிட்டது. புறா வாயைத் திறக்கவில்லை. கழுத்து உப்பியது. தலை தாழ்ந்தது. உள்ளே ஏதோ குமுறியது, அவ்வளவுதான்.

உதுமான் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு முறியாத கையால் அரிசியை அள்ளினார்.

அன்றைக்கு மூடிய வாய்தான். இன்றுவரை புறா அலகைத் திறக்காமலேதான் குமுறுகிறது. கழுத்து மட்டும் உப்புகிறது.